சிறுத்தைப் பல்லிக்குத் தொட்டி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டில் வளர்க்கும் சின்னப் பல்லிகளுக்குத் தொட்டி அமைப்பதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன, சந்தோஷம். பெரும்பாலானவை லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி பற்றியவை. அதனால் பதில்களையும் அதை வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு உடம்புச் சூடு உள்ளேயே உண்டாகிறது. பல்லிக்கு அப்படி இல்லை. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போக வேண்டும், உடம்பு ஆற வேண்டுமென்றால் குளிர்ந்த இடத்துக்குப் போக வேண்டும். வெளியே அதற்கு இடம் ஏராளம். தொட்டிக்குள் நாம் கொடுத்தால்தான் உண்டு.

கேள்வி: அக்கா, முழுதாக வளர்ந்தாலே 20, 25 செ.மீ.தான் இருக்கும் என்கிறார்கள். 30 செ.மீ. சதுரத் தொட்டி போதாதா?

பதில்: போதாது. அவ்வளவு சின்னத் தொட்டியில் ஒரு மூலையைச் சூடாக்கினால் மற்ற மூலையும் சேர்ந்து சூடாகிவிடும். பல்லி ஒதுங்க இடமே இருக்காது. 75 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் கிடைத்தால் இன்னும் நல்லது, முடிந்தவர்கள் அதையே வாங்குங்கள். உயரம் இதற்கு அவ்வளவு முக்கியமில்லை. நம் சுவரில் ஓடும் பல்லிக்கு இருப்பதுபோல விரலில் ஒட்டும் பட்டை சிறுத்தைப் பல்லிக்குக் கிடையாது, வழவழப்பான கண்ணாடியில் ஏற முடியாது. ஆனாலும் மூடி வேண்டும். உள்ளே வைக்கும் கல், கட்டை மேல் ஏறி விளிம்பைத் தொட்டுவிடும்.

முன்பக்கம் கதவு திறக்கும் தொட்டி கிடைத்தால் அதை எடுங்கள். மேலிருந்து இறங்கும் கை பல்லிக்குப் பருந்து மாதிரி. பக்கவாட்டில் வரும் கைக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

கேள்வி: குட்டியைப் பெரிய தொட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாது என்கிறார்களே?

பதில்: வெறும் தொட்டியில் விட்டால் பயப்படும். நாலைந்து இடத்தில் ஒளிந்துகொள்ள வசதி செய்துவிட்டால் பயப்படாது. முதலில் சின்னது, பிறகு பெரியது என்று இரண்டு தொட்டி வாங்கத் தேவையில்லை.

கேள்வி: ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு) வாங்கிவிட்டேன். தெர்மோஸ்டாட் கட்டாயமா? ஒரு கடையில், "நேரடியாக பிளக்கில் மாட்டுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார்கள்.

பதில்: கட்டாயம். சூடு நாம் வைத்த அளவைத் தொட்டதும் மேட்டைத் தானே நிறுத்தும் கருவி அது. இதில் மட்டும் தயவுசெய்து யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

என் முதல் கெக்கோவுக்கு நானும் அப்படித்தான் நேரடியாக மாட்டினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட மீட்டர் 28 டிகிரி காட்டியது, நிம்மதியாக இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அதைக் கையில் எடுத்தபோது வயிற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் சிவந்து, ஓரம் காய்ந்து கிடந்தது. தொட்டிக்குள் கையை விட்டு, அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை, அது மேலே இருக்கும் காற்றை அளந்துகொண்டிருந்தது. தரையை யாரும் அளக்கவில்லை. பல்லி சுடுகிற தரையிலிருந்து உடனே எழுந்து ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள், வெந்துபோகும் வரைக்கும் அப்படியே படுத்திருக்கும். புண் ஆற ஐந்து வாரம் ஆனது. இன்றைக்கும் அந்த இடத்தில் புள்ளிகள் சரியாக வரவில்லை.

சரி, எப்படி அமைப்பது? மேட் தொட்டியின் அடியில் ஒரு ஓரத்தில், தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும். தொட்டியின் நாலு மூலைக்கும் சின்னக் கட்டை கொடுத்துக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடியே விரிசல் விட்டுவிடலாம். தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனை, மேட்டுக்கு நேர் மேலே தொட்டிக்குள் தரையில் இருக்க வேண்டும், பல்லி தள்ளிவிட முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும். முனை நகர்ந்து குளிர்ந்த பக்கம் போய்விட்டால், இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் மேட்டை எரிய விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சூடான பக்கம் தரை 31 முதல் 34 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26. இரவில் 20 வரை இறங்கினாலும் கவலை வேண்டாம். சூடான பக்கம் வெறும் சுகத்துக்காக இல்லை. தின்ற பூச்சி செரிக்க அந்தச் சூடு வேண்டும்.

மேலிருந்து ஹாலஜன் பல்ப் போட்டுச் சூடு தருவது மேட்டைவிட நல்ல முறை, வெயில் காய்வது மாதிரி. அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். உள்ளே மாட்டினால் கம்பிக்கூடு போட்டு மூடுங்கள். பிளக்கில் மாட்டும் 'சூட்டுக் கல்' என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கவே வேண்டாம். இரவில் சிவப்பு பல்பும் வேண்டாம். அந்த வெளிச்சம் அதற்குத் தெரியும், இரவு இரவாகவே இருக்காது.

கேள்வி: எங்கள் அறையே கோடையில் 34 டிகிரி போகிறது. எனக்கு எதற்கு ஹீட்டர்?

பதில்: அந்த மாதங்களில் தெர்மோஸ்டாட் தானே மேட்டை நிறுத்திவிடும். உங்கள் பிரச்சினை வேறு, குளிர்ந்த பக்கம் இல்லாமல் போவது. தொட்டி முழுக்க 35ஐ நெருங்கினால் ஆபத்து. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையை ஒட்டித் தொட்டியை வையுங்கள். குளிர்ந்த பக்கத்தில் தரைக்கு டைல் போடுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றி, அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். ஜன்னல் ஓரம் மட்டும் கூடவே கூடாது. நேர் வெயில் பட்டால் கண்ணாடித் தொட்டி கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

கேள்வி: பாலைவனப் பல்லிதானே, மணல் போடலாமா? கால்சியம் மணல் என்று கிடைக்கிறது, செரித்துவிடும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது.

பதில்: அது மணல்மேட்டுப் பல்லி இல்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் கல்லும் இறுகிய மண்ணுமான வறண்ட நிலத்தில் வாழ்வது. கால்சியம் மணலைக் கண்டிப்பாகத் தவிருங்கள். கால்சியம் குறைந்த பல்லி அதைத் தேடித் தின்னும், குடலில் போய்க் கட்டிக்கொள்ளும். குட்டிக்கும், புதிதாக வந்த பல்லிக்கும் டிஷ்யூ பேப்பர்தான் நல்லது. எச்சம் எப்படி இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். பழகியபின் சொரசொரப்பான டைல் போடலாம், அல்லது ரசாயனம் கலக்காத மண்ணில் கொஞ்சம் மணல் கலந்து, நனைத்துத் தட்டி, காயவிட்ட தரை அமைக்கலாம். என் கெக்கோக்கள் இப்போது அப்படிப்பட்ட மண்ணில்தான் இருக்கின்றன. தோண்டுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும்.

தோண்டும் என்பதால் இன்னொன்று. கனமான கல்லை மண் மேல் வைக்காதீர்கள். முதலில் தொட்டியின் அடித்தரையில் கல்லை அசையாமல் உட்காரவைத்து, பிறகு சுற்றிலும் மண் போடுங்கள். இல்லாவிட்டால் அடியில் தோண்டி, கல் அதன் மேலேயே இறங்கிவிடும்.

கேள்வி: தோட்டத்தில் எடுத்த மரக்கட்டை, கல் எல்லாம் உள்ளே வைக்கலாமா?

பதில்: பூச்சிமருந்து அடிக்காத இடமென்றால் வைக்கலாம். சுடுதண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பைன், தேவதாரு மாதிரிப் பிசின் உள்ள மரமும் அதன் சீவலும் ஆகாது.

கேள்வி: என் கெக்கோ தோல் உரித்தபின் இரண்டு விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. தொட்டி நன்றாக உலர்ந்துதான் இருக்கிறது. ஏன்?

பதில்: உலர்ந்து மட்டுமே இருப்பதுதான் காரணம். தொட்டியின் ஈரப்பதம் 30, 40 சதவீதம் இருந்தால் சரி. ஆனால் அதன் சொந்த ஊரில்கூட அது பகலைக் கழிப்பது பாறை இடுக்கின் ஈரத்தில். அந்த ஈரப் பொந்தைத்தான் நாம் செய்து கொடுக்க வேண்டும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே ஸ்பாக்னம் பாசியோ டிஷ்யூவோ வைத்து நனையுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். சூடான பக்கத்தை ஒட்டி வையுங்கள். ஆக, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரமாக ஒன்று என்று குறைந்தது மூன்று பொந்து.

இப்போது ஒட்டியிருப்பதை விடாதீர்கள். அந்தத் தோல் காயக் காய நூல் மாதிரி இறுக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலே விழுந்துவிடும். விரல் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் நிற்கவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், மறுநாள் மறுபடி செய்யுங்கள். விரல் வீங்கியோ கறுத்தோ இருந்தால் நேராக டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: யூவிபி விளக்கு வேண்டாம், ராத்திரியில் திரியும் பல்லிதானே என்கிறார்கள் சிலர்.

பதில்: யூவிபி என்பது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகை, அது பட்டால் உடம்பே வைட்டமின் டி3 செய்துகொள்ளும். இந்தப் பல்லி அந்தியிலும் விடியலிலும்தான் அதிகம் நடமாடும். அப்போதும் கொஞ்சம் வெயில் அதன் மேல் படுகிறது. உணவில் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி கொடுத்தால் யூவிபி இல்லாமலும் வளர்க்கலாம், பல வருடம் பலர் அப்படி வளர்த்திருக்கிறார்கள். ஆனாலும் வீரியம் குறைந்த யூவிபி குழல் விளக்கு போடுங்கள் என்றே நான் சொல்வேன், நிழலும் கூடவே இருக்கட்டும். விளக்குப் போட்டால் டி3 பொடியைக் குறைக்க வேண்டும். நிறமி குறைந்த அல்பினோ வகைக்கு வெளிச்சம் கண்ணை உறுத்தும், இன்னும் மென்மையாக வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவிபி கிட்டத்தட்ட இருக்காது. யூவிபி விளக்கு பழசானபின்னும் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யூவிபி தீர்ந்திருக்கும். வருடம் ஒருமுறையாவது மாற்றுங்கள். தாடை ரப்பர் மாதிரி வளைந்தாலோ நடக்கும்போது கால் மடங்கினாலோ எலும்பு பலவீனமாகிறது என்று அர்த்தம், டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தனியாக இருந்தால் பாவம் இல்லையா? இரண்டாக விடலாமா?

பதில்: வேண்டாம். தனியாக இருப்பதுதான் அதற்கு நிம்மதி. இரண்டு ஆண்கள் சண்டை போடும், வால் போகும், சில சமயம் உயிரும் போகும். இரண்டு பெண்களை விட்டால் ஒன்று சூடான பொந்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றது மெலியும். ஒன்றன் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம், அது இடப் போட்டி.

கேள்வி: இதே தொட்டியில் கிரெஸ்டெட் கெக்கோ வளர்க்க முடியுமா சார்?

பதில்: சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். முடியாது, கிட்டத்தட்ட எல்லாமே தலைகீழ். அது பசிபிக் கடல் தீவான நியூ கலிடோனியாவின் மரப் பல்லி. அழிந்துவிட்டது என்று நினைத்திருந்து 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு உயரம் வேண்டும், 45 செ.மீ. அகலத்தில் 60 செ.மீ. உயரமாவது. கிளை, இலை, தினமும் தண்ணீர்த் தெளிப்பு வேண்டும். 22 முதல் 26 டிகிரி போதும், 28ஐத் தாண்டினால் தாங்காது. மேலே 34 டிகிரி அறை என்று எழுதியவர் இதை யோசிக்கவே வேண்டாம். அப்புறம், சிறுத்தைப் பல்லிக்கு வால் விழுந்தால் திரும்ப முளைக்கும். இதற்கு முளைக்காது.

கேள்வி: வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. தொடவிடலாமா?

பதில்: பார்க்கட்டும், தொட வேண்டாம். நல்ல ஆரோக்கியமான பல்லியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், 5 வயதுக்குக் கீழே அது கடுமையாகப் பாதிக்கும். பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பல்லியின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

கேள்வி: நேற்று முன்தினம்தான் வந்தது. பொந்தை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவில்லை. போட்ட ஆறு பூச்சியும் அப்படியே திரிகின்றன. பயமாக இருக்கிறது அக்கா.

பதில்: பயப்படாதீர்கள், இது சகஜம். முதல் வேலையாக அந்த ஆறு பூச்சியையும் வெளியே எடுங்கள். இரவில் பசித்தால் அவை பல்லியைக் கடிக்கும். ஒரு வாரத்துக்குக் கையில் எடுக்காதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள், தொட்டியின் மூன்று பக்கமும் தாள் ஒட்டி மறையுங்கள். தண்ணீர் தினமும் மாற்றுங்கள். பொந்தின் தரைச் சூட்டை இன்றே ஒருமுறை அளந்துவிடுங்கள், சூடு குறைந்தாலும் சாப்பிடாது. பூச்சி அதன் இரண்டு கண்ணுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மின்மினிப் பூச்சி மட்டும் எந்தப் பல்லிக்கும் எந்தக் காலத்திலும் கொடுக்காதீர்கள், ஒன்றே உயிரை எடுத்துவிடும்.

வால் தடிப்பாக இருக்கிறதா பாருங்கள். கொழுப்பை அங்கேதான் சேர்த்து வைக்கும். தடித்த வாலுள்ள வளர்ந்த கெக்கோ இரண்டு வாரம் சாப்பிடாவிட்டாலும் தாங்கும். குட்டியென்றால் ஐந்தாறு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். நாளை அந்தி சாயும்போது விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பூச்சியைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பொந்தின் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். முதலில் மூக்கு மட்டும் வெளியே வரும். அதற்கும் அரை மணி நேரம் ஆகலாம். அசையாமல் இருங்கள். வால் நுனி நெளிய ஆரம்பித்தால் பாயப்போகிறது என்று அர்த்தம்.