சின்னக் குழந்தைகளை அருங்காட்சியகம் கூட்டிப்போனால் எதையாவது கற்றுக்கொள்வார்களா?

நிச்சயமாக, பொருளிலிருந்து தொடங்கினால். பெயர்ப்பலகையைப் படிக்கும் முன்பே பார்த்து, ஊகித்து, கேள்வி கேட்பதுதான் பொருள்வழிக் கற்றல். ஐந்து வயதுக்கு ‘2,000 ஆண்டு’ வெறும் எண். தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டால்தான் புதியது மனதில் தங்கும்.

2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் சுடுமண் வட்டச் சில்லுகள் இருக்கின்றன. “இதை வைத்து என்ன செய்திருப்பாங்க?” என்று மட்டும் கேளுங்கள். பாண்டி ஆடிய பிள்ளை தானே சொல்லும். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அது யோசிக்கும் அந்த மௌனம் எனக்கு மிகப் பிடித்தது. வீட்டில் உடைந்த ஓட்டுத் துண்டை உரசி, ஒரு சில்லு செய்து ஆடுங்கள்.

கல்யாணப் பந்தியில் இருபது வகை பரிமாறினாலும் குழந்தை அப்பளத்தையும் பாயசத்தையும்தான் தொடும். இங்கும் மூன்று பொருள் போதும்.

எல்லாக் கூடத்தையும் சுற்றினால்தான் பயன் என்பது தவறு: ஒரே கண்ணாடிப் பெட்டி முன் நெடுநேரம் நின்ற பிள்ளை நிறையவே பார்த்திருக்கிறது.