மாமனார் பெயர் எனக்கு எப்படி லாஸ்ட் நேம் ஆகும்? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெயரைப் பற்றியவை. வேறு மாநிலத்தில், வேறு நாட்டில் பெண் எடுத்தவர்கள், மாப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லோருக்கும் படிவத்தில் ஒரே கட்டம்தான் தலைவலி: சர்நேம். திருமணப் பதிவு, பெயர் மாற்றம் என்று இருபது வருடமாக இதே வேலை பார்க்கிற வக்கீல் நான். எனக்கே சில படிவங்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனால் மனைவி பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. 1955 இந்து திருமணச் சட்டத்தில் இல்லை, 1954 சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இல்லை. பாஸ்போர்ட்டுக்காகப் பெண்கள் பெயரை மாற்றத் தேவையில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே அறிவித்தார். ஆனாலும் "மாற்றாவிட்டால் விசா தர மாட்டார்களாமே" என்று கேட்கிறவர்கள் குறையவில்லை.

பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேம் கட்டத்தில் இருக்கின்றன. ஜெர்மன்காரரை மணந்து ஸ்டுட்கார்ட்டில் குடியேறப் போகிறேன். அவர் பெயரை எடுத்துக்கொள்வதா, அப்பா பெயரோடு இருப்பதா? அப்பாவுக்கு நான் ஒரே பெண். (வாசகி, மதுரை)

நீங்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். உங்கள் குடும்பப் பெயர் எது என்பது முதலில் முடிவாக வேண்டும். அதை மாற்றுவதா என்பது அப்புறம். பலர் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் சண்டை போடுகிறார்கள்.

ஜெர்மனியில் திருமணத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு ஸ்டாண்டெஸாம்ட் என்று பெயர். முன்பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்து எழுதித்தான் அவர்களுக்குப் பழக்கம். பெயர் அப்படிப் பிரியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் "இது முன்பெயர், இது குடும்பப் பெயர்" என்று அறிவித்துக்கொள்ள அங்கே சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் இதை மதுரையிலேயே சரிசெய்துகொண்டு போவதுதான் என் யோசனை. பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அப்பா பெயரை சர்நேம் கட்டத்துக்கு நகர்த்துங்கள். ஆவணங்களை மொழிபெயர்க்கக் கொடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அமெரிக்க விசாவில் சர்நேம் காலியாக இருந்தால் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். முன்பெயர் தெரியாது என்று பொருள். ஜெர்மனியோடு உங்கள் பயணம் நிற்குமா என்ன?

சரி, இரண்டாவது கேள்வி. ஜெர்மனியில் 1991 வரை, தம்பதி ஒத்துப்போகாவிட்டால் கணவர் பெயர்தான் குடும்பப் பெயர் என்று இருந்தது. அது சமத்துவத்துக்கு எதிரானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஆண்டு சொல்லிவிட்டது. இப்போது இருவரும் அவரவர் பெயரிலேயே இருக்கலாம், யாராவது ஒருவர் பெயரைப் பொதுப் பெயராக வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் இருவர் பெயரையும் கோத்து, இருவருமே அந்த இரட்டைப் பெயரை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பொதுப் பெயரை அறிவித்துவிட்டால், திருமணம் நீடிக்கும்வரை அதை மாற்ற முடியாது. ஆனால் கல்யாணத்தன்றே அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வருடங்கள் கழித்தும் அறிவிக்கலாம். அதனால் இப்போதைக்கு அப்பா பெயரோடு போங்கள். இரண்டு வருடம் அந்த ஊரில் வாழ்ந்து, அஞ்சல்காரர் முதல் அலுவலகம் வரை உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அங்கே அறிவித்தது இந்திய பாஸ்போர்ட்டில் தானாக ஏறாது, அதற்குத் தூதரகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரே பெண் என்று எழுதியதால் ஒரு வார்த்தை. நீங்கள் மதுரையிலேயே இருந்திருந்தால் உங்கள் அப்பா பெயர் உங்களோடு ஒற்றை எழுத்தாகி, உங்கள் பிள்ளையோடு காணாமல் போயிருக்கும். ஸ்டுட்கார்ட்டில் அது குடும்பப் பெயராகிப் பேரப்பிள்ளைக்கும் போக வாய்ப்பிருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நான் கான்பூர். கணவர் கோயம்புத்தூர். என் பெயரில் சாதியைக் காட்டும் சர்நேம் இருக்கிறது. "எங்க ஊர்ல சாதிப் பேர் போட மாட்டோம்" என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அவருக்கோ சர்நேமே இல்லை, இனிஷியல்தான். என்ன செய்ய? (தமிழ் கற்றுக்கொண்டு எழுதிய வாசகி)

தமிழ் நன்றாக இருக்கிறது, முதலில் அதற்கு ஒரு சபாஷ்.

உங்கள் மாமியார் சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்குவது என்று தீர்மானம் போட்டார்கள். தெருப் பெயர்ப்பலகை வரை அது இறங்கியது. இன்று இங்கே பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வழக்கத்தில் பெருமை உண்டு.

ஆனால் சாதிப் பெயரை விடுவது நீங்களாக எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். விட்ட இடத்தில் கணவர் பெயரை ஒட்டியே தீர வேண்டும் என்றால், அந்த மாநாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நமக்கு சர்நேம் இல்லை, எனவே பெண்கள் பெயரை மாற்றும் பிரச்சினையும் இல்லை என்று தமிழர்கள் சொல்லிக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். இனிஷியல் மாறுகிறதே! கல்யாணம் வரை அப்பாவின் எழுத்து, மறுநாள் முதல் கணவரின் எழுத்து. ஒரே எழுத்து என்பதால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

நானும் அப்படி மாற்றியவள்தான். கல்யாணமான வேகத்தில் ரேஷன் கார்டில் இனிஷியல் மாறியது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பல வருடம் கழித்து ஓர் அலுவலகத்தில் என் பட்டச் சான்றிதழில் இருப்பவளும் நானும் ஒருவரேதான் என்று 'ஒன் அண்ட் தி சேம்' அஃபிடவிட் கொடுக்க வேண்டியதாயிற்று. வக்கீலுக்கே இந்த நிலைமை. ஜூனியர் ஒரு வாரம் சிரித்தான்.

செய்யவேண்டியது இதுதான். எழுதுவதை நிறுத்துவது வேறு, ஆவணத்தில் நீக்குவது வேறு. வீட்டு வாசலில், கல்யாணப் பத்திரிகையில், முகநூலில் சர்நேமை விட்டுவிடலாம், அதற்குக் காகிதம் தேவையில்லை. ஆவணத்திலும் நீக்குவதானால் கெசட் (அரசிதழ்) வழியாகப் போங்கள். தமிழ்நாட்டில் அதை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது. நீக்கிவிட்டு ஒற்றைப் பெயராக மட்டும் நிற்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒரே சொல் உள்ள இந்தியர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தபோது விமான நிலையங்களில் அழுகையே நடந்தது. பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். உங்கள் அப்பாவின் சொந்தப் பெயரை இரண்டாவது சொல்லாக வைத்துக்கொள்வது நல்ல வழி. சாதியும் போகும், தமிழ்நாட்டு வழக்கமும் அதுதான். பான் கார்டில் இனிஷியல் எடுக்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும்.

மணமகன் பஞ்சாபி சீக்கியர். அவர் அம்மா என்னை "கௌர்" போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இது அவர்கள் குடும்பப் பெயரா? (வாசகி, சேலம்)

இல்லை. கௌர் சீக்கியப் பெண்களுக்கு மதவழியில் வரும் பெயர், ஆண்களுக்கு சிங் போல. உங்கள் வருங்கால மாமியாரே அதைக் கல்யாணத்தால் பெற்றிருக்க மாட்டார், பிறப்பிலேயே அவருக்கு வந்திருக்கும். அன்பாகக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, ஆதாரைத் தொடாமல் இருங்கள்.

மென்பொருள் வேலைக்காக டோக்கியோவில் இருக்கிறேன். ஜப்பானியப் பெண்ணை மணக்கிறேன். என் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள அவளுக்கு ஆசை. பாஸ்போர்ட்டில் என் சர்நேம், முருகேசன், உண்மையில் என் அப்பாவின் பெயர். அவளுக்கு எப்படி விளக்குவது? (வாசகர், டோக்கியோ)

தலைப்பில் இருக்கும் கேள்வி உங்கள் கடிதத்திலிருந்து வந்ததுதான், முருகேசன் உங்கள் அப்பா பெயர் என்று தெரிந்ததும் உங்கள் வருங்கால மனைவி அப்படிக் கேட்டதாக எழுதியிருந்தீர்களே!

ஜப்பானியர் இருவர் மணந்தால் ஒரே குடும்பப் பெயர் கட்டாயம், சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் மனைவிதான் மாற்றுகிறார். உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் அது செல்லும் என்றே சொன்னது. வெளிநாட்டவரை மணந்தால் இந்தக் கட்டாயம் கிடையாது. உங்கள் வருங்கால மனைவி தம் பெயரிலேயே இருக்கலாம். உங்கள் பெயர் வேண்டுமென்றால் திருமணமான ஆறு மாதத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு போதும். ஆறு மாதம் தாண்டினால் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பதிவேட்டில் அது கதகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், ஏறும். முருகேசன் பிழைத்தார், 'ழ' உள்ள பெயராக இருந்தால் என்ன பாடுபட்டிருக்குமோ.

பிள்ளைகள் ஜப்பானியப் பதிவேட்டில் அம்மாவின் குடும்பப் பெயரைத்தான் பெறுவார்கள். அதாவது அவர் மாற்றினால் டோக்கியோவில் பிறக்கும் உங்கள் குழந்தையும் முருகேசன்தான். இங்கே உங்கள் அண்ணன் பிள்ளைகளுக்கு அண்ணன் பெயரின் இனிஷியல் இருக்கும், தாத்தா பெயர் எங்கும் இருக்காது. இதைப் படம் வரைந்து காட்டி, அவர் எடுத்துக்கொள்வது உங்கள் பெயரும் அல்ல, குலப்பெயரும் அல்ல, ஒரு மனிதரின் பெயர் என்று சொல்லுங்கள். அதற்கப்புறமும் பிடித்திருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அப்பா உயிரோடு இருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம், மொன்றியலில் பிறந்தவள். கியூபெக்காரரை மணம் செய்கிறேன். "புருசன்ர பேர் இல்லாமல் என்ன கலியாணம்" என்று அம்மா கவலைப்படுகிறா. (வாசகி, மொன்றியல்)

அம்மாவிடம் சட்டத்தைக் காட்டுங்கள். கியூபெக்கில் 1981 முதல் மணமானவர் இருவரும் பிறந்த பெயரிலேயே இருக்க வேண்டும். திருமணத்தை மட்டும் காரணம் காட்டி மாற்ற முடியாது. விருந்துக்கு அழைக்கும்போது எந்தப் பெயரையும் சொல்லிக்கொள்ளலாம், ஆவணத்தில் நடக்காது. பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் இருந்திருந்தால்தான் இந்த விவாதமே. உங்களுக்கு அரசாங்கமே பதில் சொல்லிவிட்டது, நிம்மதியாகப் புடவை பாருங்கள்.

வங்காளியை மணந்து அவர் சர்நேமை ஆதாரிலும் வங்கியிலும் சேர்த்தேன். பான், பாஸ்போர்ட், சான்றிதழ்கள் பழைய பெயரில். நான்கு வருடத்தில் பிரிந்துவிட்டோம். இப்போது எல்லா இடத்திலும் தடுக்கிறது. (பெயர் வேண்டாம், சென்னை)

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் அவதிப்படுவது மாற்றியவர்களோ மாற்றாதவர்களோ அல்ல, பாதி மாற்றியவர்கள். ஒரு மாலை உட்கார்ந்து எந்தெந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்று எழுதுங்கள். உங்களுக்கு வேலை குறைவுதான், பாஸ்போர்ட்டையும் பானையும் தொடவில்லையே.

விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் மூன்று நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், கல்யாணத்தின்போது ஒன்று போய்விட்டது. அதனால் இந்த முறை எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இடைவெளி உள்பட, எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வங்கி அதற்கு அப்புறம். பழைய சர்நேமில் ஏதாவது முதலீடு, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் இருந்தால் 'ஒன் அண்ட் தி சேம்' அஃபிடவிட்டை நோட்டரியிடம் போட்டு அதோடு சேர்த்து வையுங்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லையென்றால் அதுவரை எதையும் தொடாதீர்கள்.

மருத்துவ ஆராய்ச்சியாளர். பதினொரு கட்டுரைகள் பழைய பெயரில். மாற்றினால் அவை என்னாகும்? (வாசகி, வேலூர்)

அவை எங்கும் போகாது, ஆனால் உங்களோடு சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது. ஆர்கிட் என்னும் ஆய்வாளர் எண் இதற்காகவே இருக்கிறது. அது ஆளோடு ஒட்டும், பெயரோடு அல்ல. இன்றே வாங்குங்கள், இலவசம். என்னைக் கேட்டால் கட்டுரைப் பெயரை மாற்ற வேண்டாம்.

மனைவி மலையாளி. அவள் குடும்பப் பெயரை நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். சட்டம் தடுக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

சட்டம் தடுக்காது, கெசட்டில் எவரும் மாற்றலாம். அந்தக் குடும்பப் பெயர் சாதிப் பெயரா, வீட்டுப் பெயரா என்று மட்டும் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாதிப் பெயரென்றால் மேலே கான்பூர் வாசகிக்குச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். வீட்டுப் பெயரென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. விண்ணப்பம் எடுக்கிறவர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார். "மனைவி மாத்திட்டாங்களா, நீங்க மாத்துறீங்களா சார்?" என்று கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.