மாத்திரை வேண்டாம், முதலில் நாடியைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, உயரம் 158 செ.மீ. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் "கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாயே" என்று சொன்னதிலிருந்து, வீடியோ பார்த்து கீட்டோ டயட் (மாவுச்சத்தை அறவே குறைத்து, கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறை) ஆரம்பித்தாள். இப்போது ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். ஐந்து மாதத்தில் 56 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு வந்துவிட்டாள். முடி கொட்டுகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, கை எப்போதும் ஜில்லென்று இருக்கிறது. கீட்டோவால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இணையத்தில் படித்தேன். ஆனால் நாள் முழுக்க சமையல் வீடியோ பார்க்கிறாள், எங்களுக்கெல்லாம் கேக் செய்து தருகிறாள், அதனால் சாப்பாட்டின் மேல் வெறுப்பு இல்லை என்று நினைக்கிறேன். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? பின்னாளில் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அது ஹார்மோன் மாத்திரை. அதைச் சாப்பிட்டு ரத்தப்போக்கு வந்தாலும் அது மாத்திரை வரவழைத்தது. உடம்பு தானாகக் கொண்டுவந்தது இல்லை. 'அப்பாடா, வந்துவிட்டது' என்று நீங்கள் நிம்மதி அடைவீர்கள், உள்ளே பட்டினி அப்படியே தொடரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்து, மேலும் மூன்று நான்கு மாதத்தை வீணாக்கிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் பயப்படுவது மாதவிடாய் நின்றுபோனதற்குத்தான். உள்ளே வரும் சாப்பாடு போதவில்லை என்று தெரிந்ததும், மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சினைப்பைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய சக்தியை மிச்சம் பிடிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. அதனால் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு அடிவாங்கும். பெண்களுக்கு எலும்பின் வலுவில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. சேர வேண்டிய காலத்தில் சேராமல் போனதைப் பிறகு முழுவதும் ஈடுகட்டுவது கஷ்டம்.

குழந்தை பற்றிய பயம் வேண்டாம். சாப்பாடும் எடையும் சரியானால் பெரும்பாலும் மாதவிடாய் தானாகத் திரும்பிவிடும், சில மாதம் ஆகலாம். எலும்புக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை.

"45 கிலோ நார்மல்தானே" என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்துவார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கான பிஎம்ஐ அவளுக்கு இப்போது 18. அந்த வயதுக்கான அட்டவணையில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். 56 கிலோ இருந்தபோது 22.4. அதுவும் ஆரோக்கியமான எடைதான், குறைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஐந்து மாதத்தில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. அட்டவணை எதைச் சொன்னாலும் அந்த வேகம் ஆபத்தானது.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். நாடி குறைந்தது, எப்போதும் குளிர்ந்தது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். பட்டினி கிடக்கும் மூளைக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. உங்கள் மகள் கேக் செய்து உங்களுக்குத் தருகிறாள். அவள் ஒரு துண்டாவது சாப்பிட்டாளா என்று கவனித்தீர்களா?

முடி கொட்டுவது, மலச்சிக்கல், ஜில்லென்ற கை எல்லாம் இதே பட்டினியின் வேலைதான். தனித்தனியாக எண்ணெய், பொடி, புரோட்டீன் பவுடர் என்று வாங்காதீர்கள். கொட்டிய முடி வளரும். சிறுநீரகத்தைப் பற்றி இணையத்தில் தேடுவதையும் நிறுத்துங்கள், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கீட்டோ 1921லேயே வலிப்பு நோய்க்காகக் கொண்டுவரப்பட்ட உணவுமுறை. இன்றும் குழந்தைகளுக்கு மருத்துவரின் மேற்பார்வையில், அடிக்கடி ரத்தம் பார்த்துத்தான் கொடுக்கிறோம். 'முதல் வாரத்திலேயே மூன்று கிலோ' என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒரு கிராம் கரைந்தால் அதோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் போகும். கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது.

சரி, நாளைக் காலை அவள் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே இருக்கும்போது, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எழுந்து நின்றதும் மயங்கினாலும், நெஞ்சு படபடத்தாலும், சாப்பிட்டதை வாந்தியெடுக்கிறாள் என்று தெரிந்தாலும் அப்படித்தான். நல்ல வெயில் நாளில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண், இதே வயதுதான். முடி கொட்டுகிறது என்றுதான் கூட்டி வந்திருந்தார்கள். கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடி 44.

நாடி சரியாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தைராய்டு, உப்புச் சத்துகள் எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். மாதவிடாய் நின்றால் எல்லோருக்கும் செய்வது, திடுக்கிட வேண்டாம். உணவியல் நிபுணரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை பயத்தில் ஒரேயடியாகத் திணித்து ஊட்டாதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் யாரும் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், "இப்படி மெலிந்துவிட்டாயே" என்று கூட. அவளுக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும். "மூன்று மாதமாக வரவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, வா போய்ப் பார்ப்போம்" என்று உள்ளதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் சாப்பிடும் நேரத்தில் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எடை பார்க்கும் மெஷினை இன்றைக்கே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இனி எடையை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள். எண் அவள் கண்ணில் படாதபடி திரும்பி நிற்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.