டிரில் இல்லாமல் சொத்தை தீருமா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைத் திட்டு, கடைவாய்ப் பல் ஒன்றில் பழுப்பாகச் சின்னக் குழி. வலி இல்லை. டிரில் சத்தம் கேட்டாலே கதறுகிறான். பல்லை அடைக்காமலே சரிசெய்ய வழி உண்டா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. வெள்ளைத் திட்டை மீட்கலாம். குழி மேலும் பெருகாமல் நிறுத்தலாம். ஆனால் விழுந்த குழி தானாகத் தூர்ந்துபோகாது. எந்த எண்ணெயும் மூலிகைப் பொடியும் அதை நிரப்பாது.

வாயின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். அப்படிக் கரைந்த இடம்தான் வெள்ளைத் திட்டு. மேற்பரப்பு மட்டும் மெல்லிய தோல்போல உடையாமல் நிற்கும். அங்கே குண்டூசியாலோ பல்குச்சியாலோ குத்திப் பார்க்காதீர்கள். தோல் உடைந்தால் அது குழியாகிவிடும். உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புபோல் மங்கலாக இருந்தால் இன்னும் கரைகிறது, பளபளத்தால் நின்றுவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது: 1000 பிபிஎம் புளோரைடு உள்ள பற்பசை, பட்டாணி அளவு, காலையும் இரவும், நீங்களே தேய்த்துவிடுங்கள். தேய்த்தபின் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடும் போய்விடும். தூக்கத்தில் எச்சில் குறையும் என்பதால் இரவுப் பால்புட்டியைக் கட்டாயம் நிறுத்துங்கள். மருத்துவமனையில் 5 சதவீத சோடியம் புளோரைடு வார்னிஷை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பூசுவார்கள்.

குழிக்கு 38 சதவீத சில்வர் டயமைன் புளோரைடு என்ற சொட்டு மருந்து இருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவி, பஞ்சு வைத்துப் பல்லை உலர்த்தி, நுண்தூரிகையால் ஒரு நிமிடம் பூசுவார்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும், புளோரைடு மிச்சப் பல்லை இறுக்கும். சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடைவாயில் அது பெரிதாகத் தெரியாது. அடுத்த முறை பார்க்கையில் கறுத்துக் கல்போல இருந்தால் பலித்தது. பழுப்பாக மெத்தென்று இருந்தால் பூசும்போது எச்சில் பட்டிருக்கலாம், அல்லது குழியில் உணவு தங்குகிறது. மறுபடி பூச வேண்டும். பலித்தாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை பூசுவது நல்லது. உணவு தங்கிக்கொண்டே இருந்தால் டிரில் போடாமலே ஸ்டீல் மூடி மாட்டலாம்.

இரவில் வலித்து எழுந்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம், கன்னத்தில் வீக்கம் வந்தாலோ இவை எதுவும் உதவாது. கிருமி நரம்பை எட்டிவிட்டது. உடனே மருத்துவரிடம் போங்கள். வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் இந்தச் சொட்டு மருந்து கூடாது.

கேள்வி: ஒன்பது வயது மகளின் முன்பற்களில் இருபுறமும் வெள்ளைக் கோடுகள், பழுப்புக் கறை. இதுவும் சொத்தையா? புளோரைடு பற்பசையை நிறுத்தவா? – ஒரு வாசகர், தருமபுரி

பதில்: உங்கள் மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி, இருபுறமும் ஒன்றுபோல் குறுக்குக் கோடுகள் இருந்தால் அது பெரும்பாலும் புளோரோசிஸ். பல் ஈறுக்குள் உருவானபோதே விழுந்த கறை அது. பற்பசையை நிறுத்தினால் மறையாது, துப்பப் பழக்கினால் போதும். மாற்ற வேண்டியது குடிநீரை. வீட்டில் எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் இன்றே மாற்றுங்கள். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கிச் செறிவு கூடும். ஆர்.ஓ. நீரோ ஒகேனக்கல் திட்டக் குழாய் நீரோ பிடியுங்கள்.