தொடையைப் பிடித்த நோய் இதயத்தையும் பிடிக்குமா?

நான்கு பக்கக் கடிதம். மூன்றரைப் பக்கம் நெஞ்சைப் பற்றி. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் சாய்த்து எழுதிய ஒரு வரி: "பத்து நாளாக வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கிக் கல்லுப்போல் இருக்கிறது, தசை நோய்தானே என்று தைலம் தேய்த்து உருவி விடுகிறேன்."

அந்த வரியைப் படித்ததும் பதில் எழுத உட்காரவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். பிறகு நடந்ததை உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் தோல்-தசை அழற்சி நோய் வந்து ஐந்து மாதமே ஆன 44 வயது ஆசிரியை நீங்கள். இதே நோயோடு, இதேபோல் தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் சிலர் எங்கோ இருப்பார்கள்.

வீட்டில் தையல் டேப் இருக்கிறதா என்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டாகத் தட்டுப்படும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளக்கச் சொன்னேன். இடது 32, வலது 36. வித்தியாசம் 3 செ.மீ.யைத் தாண்டினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அன்று மாலையே டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் சிரையில் இரத்தக்கட்டி இருந்தது.

உங்கள் நோய் இரண்டு தொடைகளையும் இரண்டு தோள்களையும் சேர்த்தே பிடிக்கும். ஒரு கெண்டைக்காலை மட்டும் பொறுக்கியெடுத்து வீங்க வைக்காது. பத்து நாள் நீங்கள் உருவிக்கொண்டிருந்தது அந்தக் கட்டியின் மேல்தான். அது கழன்று நுரையீரல் இரத்தக்குழாயில் போய் அடைத்திருந்தால், இந்தப் பதிலை வேறு யாருக்கோ எழுத வேண்டியிருந்திருக்கும். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

தசை அழற்சி நோயில் கெடுவது தசை மட்டும் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். உடலில் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது இரத்தக் குழாய்களின் உட்பூச்சும் புண்படுகிறது. இரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு வருகிறது. தொடையில் பலமில்லாததால் படுத்தே கிடக்கிறோம். கால் இரத்தம் தேங்குகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சிரையில் இரத்தம் உறைவதும் மாரடைப்பும் நோய் கண்டறிந்த முதல் ஆண்டில்தான் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தன. நீங்கள் அந்த முதல் ஆண்டில்தான் இருக்கிறீர்கள். கட்டிக்கு மருந்து தொடங்கிவிட்டாலும், திடீரென்று மூச்சு இரைத்தால், மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், கண் இருட்டிக்கொண்டு வந்தால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

இனி நெஞ்சுக்கு வருவோம். "தொடையும் தசை, இதயமும் தசை, தொடையைத் தின்ற நோய் இதயத்தையும் தின்கிறதோ, தூக்கத்திலேயே போய்விடுவேனோ" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். படபடப்பு வந்த இரவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், இதயத் தசை அடிபட்டால் ஏறும் டிரோப்போனின் டி என்ற புரதம் 86 இருந்தது. 14 வரைதான் இருக்கலாம் என்று தாளிலேயே அச்சாகியிருந்தது. பிறகு இணையத்தில் தேடினீர்கள். இணையத்துக்கு உங்கள் தசை நோய் தெரியாது. மாரடைப்பு என்று சொல்லிவிட்டது.

அடிபட்ட தொடைத் தசை ஆறிப் புதிதாக வளரும்போது, கருவிலிருக்கும் குழந்தையின் தசையைப்போல நடந்துகொள்ளும். வளர்ந்த உடலில் இதயம் மட்டுமே செய்ய வேண்டிய சில புரதங்களை அதுவும் செய்து இரத்தத்தில் விடும். டிரோப்போனின் டி அப்படிப்பட்டது; சிகே-எம்பி என்ற மற்றொன்றும் அப்படித்தான். இந்த நோயில் இரண்டையும் வைத்து இதயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. டிரோப்போனின் ஐ என்பதுதான் இதயத்தை விட்டு வேறெங்கும் அலையாதது. மறுநாள் உங்கள் இதய மருத்துவர் அதைத்தான் எடுக்கச் சொன்னார், சரியாக இருந்தது. அந்தத் தாளையும் நீங்களே இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள், படிக்கத்தான் இல்லை. ஈசிஜியிலும் கோளாறு இல்லை.

எக்கோவில் "62 சதவீதம்தான்" என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். விடைத்தாள் திருத்தும் பழக்கம் போலிருக்கிறது. நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். யாருக்கும் நூறு கிடையாது. 62 முதல் வகுப்பு.

அதற்காக இந்த நோய் இதயத்தைத் தொடவே தொடாது என்று சொன்னால் அது பொய். சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி வரும், துடிப்பின் மின்பாதை தடைபடும். பல நேரங்களில் அறிகுறி எதுவுமில்லாமல் வரும். அதனால்தான் நோய் கண்டறிந்தபோதே ஈசிஜியும் எக்கோவும் எடுத்தார்கள். டிரோப்போனின் ஐ ஏறினாலோ, ஈசிஜி மாறினாலோ, மயங்கி விழுந்தாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சுத் திணறினாலோ அடுத்தது இதய எம்ஆர்ஐ. இப்போதைக்குத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஸ்டீராய்டு இதயத்தைக் கெடுக்கும் என்று யாரோ ஒருவரின் காணொளியைப் பார்த்துவிட்டு, 40 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற உங்கள் ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே வாரத்தில் 10 ஆக்கியிருக்கிறீர்கள். தசை எவ்வளவு சிதைகிறது என்று காட்டும் சிபிகே 7,400 இருந்து 900 வரை இறங்கியது, இப்போது 2,300. அணைந்துகொண்டிருந்த அழற்சிக்கு நீங்களே விசிறி விட்டிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், உண்மை. அவற்றை அளந்து பார்த்து மருந்தும் உணவும் கொடுத்துச் சமாளிக்கலாம். அடங்காத அழற்சி இரத்தக் குழாய்களுக்குச் செய்யும் கேட்டை அப்படிச் சமாளிக்க முடியாது. ஐந்து மாதம் மாத்திரை எடுத்த உடலில், சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்க வேண்டிய அட்ரினல் சுரப்பி வேறு தூங்கிப்போயிருக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிச் சாய்பவர்கள் உண்டு. ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கத்தான் கூடவே அழற்சியை அடக்கும் அசத்தியோபிரின் என்ற மருந்தையும் கொடுத்திருக்கிறார்கள். அது முழுதாக வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். குறைப்பதை உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தசையைக் கரைக்கும் என்று பயந்து வாங்காமலே விட்டிருக்கிறீர்கள். இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஸ்டாட்டின் வகை மருந்துக்கு எதிரொலியாகவே தசையை அழிக்கும் ஒரு தனி நோய் இருக்கிறது. அதற்கான எதிர்ப்புரதம் உள்ளவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. உங்களுக்கு அந்தப் பரிசோதனை எடுத்து, இல்லை என்று வந்திருக்கிறது. சிபிகே இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்கி, அவ்வப்போது அளந்து பார்த்தால் போதும். எப்போது தொடங்குவது என்பதை உங்கள் இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

இடது மார்புக்குக் கீழே ஒரு நொடி சுருக்கென்று குத்துவது இதயம் அல்ல. முகம் உருண்டது ஸ்டீராய்டு மாத்திரையால். அளவு குறையும்போது வடியும். முடி திரும்ப முளைக்கும். கால்வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிய டைக்ளோஃபெனாக்கைக் குப்பையில் போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும்.

வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறதே, போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டிக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பது நல்லது. படுத்துக் கிடப்பதுதான் கூடாது. மாடிப்படி மட்டும் உங்கள் தொடை விடுகிற அளவுக்கு. தலைமையாசிரியரிடம் இந்தப் பருவம் முடியும்வரை கீழ்த்தளத்தில் வகுப்புக் கேளுங்கள். சான்றிதழ் கேட்டால் உங்கள் மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.