பனி உருகும்போது பேஸ்மென்ட் சுவரில் ஈரம்: உள்ளே பெயின்ட் அடித்தால் போதுமா, வெளியே தோண்ட வேண்டுமா?

கேட்டவர் டொராண்டோ பக்கம் 1960களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கியதும், பேஸ்மென்ட் சுவரும் தரையும் சேருகிற மூலையில் ஈரம் ஊறுகிறதாம். உள்ளே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டைச் சுற்றித் தோண்டியே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர்.

ஸ்கார்பரோ பக்கம் நான் பார்க்கிற வேலையே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பெயின்ட் வேண்டாம். அதற்காக நாளைக்கே மண்வெட்டியை எடுக்கவும் வேண்டாம்.

மார்ச்சில் ஏன் வருகிறது? மேலே பனி உருகும், ஆனால் முற்றத்தில் அடிமண் இன்னும் உறைந்தே கிடக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. வீட்டுச் சூட்டினால் சுவரை ஒட்டிய மண் மட்டும் முதலில் இளகும். அந்த மண்ணோ, வீடு கட்டும்போது தோண்டி எடுத்துத் திரும்பக் கொட்டியது; அக்கம்பக்கத்து இறுகிய களிமண்ணைவிடத் தளர்வானது. ஆகவே வீடு ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குத்தான் வரும்.

சுவருக்கு வெளியே 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் அழுத்தம். சுவரையும் அதன் கீழுள்ள அடித்தளத்தையும் வேறு வேறு நாளில் கான்கிரீட் போட்டிருப்பார்கள், அந்த இணைப்பு வழியாகத்தான் முதலில் புகும். உள்பக்கம் அடித்த பெயின்டைப் பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு அதன் ஓரத்தில் வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் உதிரும். கான்கிரீட்டில் கரைந்த உப்பு அது. அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் பெயின்ட் தோல் உரிந்து தொங்குவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வெளிப்பக்கம் ஏற்கனவே கறுப்புத் தார் பூசியிருக்கிறதே என்பார்கள். அது மண்ணின் ஈரப்பதம் சுவரில் ஏறாமல் இருக்கப் பூசுவது. சுவரில் விரிசல் விட்டால் தாரும் சேர்ந்தே விரியும். தேங்கிய தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்க அது போடப்படவில்லை.

அந்தக் காலத்து வீடுகளில் தண்ணீரை வெளியேற்றியது, அடித்தளத்தை ஒட்டிப் புதைத்த வீப்பிங் டைல். சுட்ட களிமண் குழாய்களைச் சின்ன இடைவெளி விட்டு வரிசையாக வைத்திருப்பார்கள். தோண்டி ஒன்றை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி சேறு இறுகிக் கிடக்கும், நடுவில் மரவேர் நுழைந்திருக்கும். என்னைக் கேட்டால் பழைய வீட்டின் ஈரத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். தண்ணீர் போக வழி அடைபட்டிருக்கும்வரை சுவரில் எதைப் பூசினாலும் அது இரண்டாம்பட்சமே.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கூரையிலிருந்து. கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நீட்டுங்கள். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் களிமண் போட்டு, முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டர் இறக்கம் வருகிற மாதிரி திருத்துங்கள். செலவு சொற்பம். அப்புறம் ஒரு நல்ல மழைக்குக் காத்திருந்து பாருங்கள். பல வீடுகளில் கதை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், கான்கிரீட் ஊற்றிய சுவரில் ஒற்றை விரிசல்தான் என்றால் உள்ளேயிருந்தே பாலியூரித்தேன் என்ற பிசினைச் செலுத்தி அடைக்கலாம். சுவர் முழுக்க ஈரம் என்றால் வெளியே தோண்டுவதுதான் முழுமையான வேலை. சுவரைக் கழுவி, விரிசலை அடைத்து, ரப்பர் போல இழுபடும் பூச்சோ ஒட்டும் படலமோ போட்டு, அதன்மேல் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள். குமிழ்கள் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் அழுத்தமில்லாமல் கீழே இறங்கும். கீழே துளையிட்ட 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் கழுவிய ஜல்லி, ஜல்லிக்கு மேல் வடிதுணி. துணி இல்லையென்றால் சில வருடங்களில் மறுபடியும் சேறுதான்.

பக்கத்து வீட்டுக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்துதான் இருக்கிறது என்றால், உள்ளே தரையைச் சுவரோரம் வெட்டிக் குழாய் பதித்துக் குழிக்குக் கொண்டுவந்து பம்பு வைப்பார்கள். சுவர் உலராது, ஆனால் தண்ணீர் தரைக்கு வராது. பிளாக் சுவருக்கு, அதாவது உள்ளே பொந்துள்ள கான்கிரீட் கற்களை அடுக்கிக் கட்டிய சுவருக்கு, இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் பிளாக்கின் பொந்துகளில் நிற்கும் தண்ணீரை அடியில் துளை போட்டு இந்தக் குழாய்க்கே வடிக்கலாம்.

பம்பு வைத்தால் பேட்டரியும் வையுங்கள். 2013 ஜூலை 8 அன்று டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, லட்சக்கணக்கான பேருக்கு மின்சாரமும் போனது. பம்பு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் கரண்ட் போகும். பம்பின் வெளிக்குழாய் குளிர்காலத்தில் உறைந்து அடைபடாதபடி நல்ல சரிவோடு இருக்கட்டும்.

குளிரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உறைந்தால் தண்ணீர் விரிகிறது, அதனால் மண் எழும்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1930 வாக்கில், உறையும்போது சுருங்குகிற பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்துப் பார்த்தார். அப்போதும் மண் எழும்பியது! கீழிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காக வளர்வதுதான் முக்கியக் காரணம். ஈரத்தை வடித்துவிட்டால் அந்த அடுக்குகள் வளராது. உறைந்த மண் சுவரைப் பிடித்துத் தூக்குவதும் குறையும். இன்னொன்று: தெற்கு ஒன்டாரியோவில் குளிர் ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழம்வரை இறங்கும் என்று வைத்துத்தான் அடித்தளம் போடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் சூடு இல்லையென்றால் குளிர் பேஸ்மென்ட் தரை வழியாகவே அடித்தளத்துக்குக் கீழே போகும். ஊருக்குப் போய் குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்கள் ஹீட்டரை அடியோடு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

தோண்டுவது என்று முடிவானால் நீங்களே இறங்காதீர்கள். 1.2 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் ஆள் இறங்க வேண்டுமென்றால் பக்கச் சுவருக்கு முட்டு வேண்டும். ஈரக்களிமண் சரிந்தால் கத்தக்கூட நேரம் இருக்காது. எரிவாயு, மின் இணைப்பு எங்கே ஓடுகிறது என்று, புதைந்த இணைப்புகளைக் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் ஒன்டாரியோ ஒன் கால் சேவையில் கேட்டுக் குறித்த பிறகுதான் முதல் வெட்டு. அடித்தளத்துக்குக் கீழே ஒரு விரல்கூட மண் எடுக்க விடாதீர்கள்.

விலை சொல்ல வருகிறவரிடம், குழாயில் வருகிற தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்று கேளுங்கள். பழைய வீடுகளில் அது தெருச் சாக்கடையோடு இணைந்திருக்கலாம். பெருமழையில் அதே வழியாகத் திரும்பி வரும். இணைப்பைத் துண்டித்துப் பம்பு வைக்கவும் பின்னோட்டத் தடுப்பு வால்வு போடவும் டொராண்டோ நகராட்சி மானியம் தருகிறது, வேலை தொடங்குமுன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். உங்கள் சுவர் பிளாக்கா, ஊற்றிய கான்கிரீட்டா என்று எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.