அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பம். கோவையில் சீனியர் லிவிங் கம்யூனிட்டி எடுப்பதா, மெமரி கேர் ஹோமா?

அம்மாவுக்கு 74 வயது, டிமென்ஷியா ஆரம்பக் கட்டம், நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், கோவையைச் சுற்றி இத்தனை முதியோர் குடியிருப்புகள் இருக்கின்றன, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், வீட்டில் இந்தப் பேச்சை எடுத்ததுமே யாரோ ஏதோ சொல்லிப் புண்படுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் நடந்தது, அதனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "எந்த நிலைமை வந்தால் எங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வீர்கள்?" வாடகை, சாப்பாடு, லிஃப்ட் எல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்கு அவர்கள் தயங்காமல், எழுத்தில் பதில் தரவேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்பது பதில் இல்லை.

எங்கள் கதை இது. அப்பா அஞ்சல் துறையில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் அமெரிக்காவில், நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அப்பாவுக்கு மறதி தொடங்கியதும் அண்ணன்தான் இணையத்தில் பார்த்து, கோவைக்கு வெளியே ஒரு கம்யூனிட்டியைத் தேர்ந்தெடுத்தான். நல்ல இடம்தான், பொய் சொல்லக் கூடாது. நடைபாதை, பிள்ளையார் கோயில், மூன்று வேளையும் பொது டைனிங் ஹாலில் சாப்பாடு, தினமும் வந்துபோகும் டாக்டர், ஒவ்வொரு பாத்ரூமிலும் அவசர மணி. அம்மாவுக்கு சமையல் வேலை போனதே பெரிய நிம்மதி. மார்க்கெட்டிங் பையனிடம் அப்பாவின் டாக்டர் சீட்டைக் காட்டினோம். "எங்ககிட்ட அசிஸ்டட் லிவிங் பிளாக்கும் இருக்குங்க, பின்னாடி தேவைப்பட்டா அங்க மாத்திக்கலாம்" என்றார்.

சில மாதம் ஓடியது. அப்புறம் சாயங்காலங்கள் மாற ஆரம்பித்தன. பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு, டாக்டர்கள் சன்டவுனிங் என்பார்கள். அப்பாவுக்கு ஐந்து மணி ஆனால் மெயில் பையைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும். கேட்டுக்குப் போய்விடுவார். செக்யூரிட்டி தடுத்தால் கோபம் வரும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குள் போய் சோபாவில் உட்கார்ந்து, அந்த வீட்டம்மாவிடமே "நீங்க யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரியே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் புகார். புகார் போட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களும் வயசானவர்கள், பயந்திருப்பார்கள். ஆனால் நிர்வாகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்தபோதுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் புரிந்தது. தொடர் கண்காணிப்பு தேவைப்பட்டாலோ, மற்றவர்களுக்கு இடையூறு ஏற்பட்டாலோ, நிர்வாகம் வெளியேறச் சொல்லலாம்.

சரி, அசிஸ்டட் லிவிங் பிளாக்குக்கு மாற்றுங்கள் என்றோம். அங்கே இருந்தவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள். உடம்புக்கு உதவி வேண்டியவர்கள். எங்கள் அப்பாவுக்கு உடம்பு கல்லு மாதிரி. விறுவிறு என்று நடப்பார், தாழ்ப்பாள் திறக்கத் தெரியும். அப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்ள பூட்டிய வாசலும், உள்ளே நடக்கத் தாராளமான இடமும், இரவிலும் விழித்திருக்கும் ஆளும் வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் பிரோஷரில் போடமாட்டார்கள். மெமரி கேர் என்று போர்டு வைத்தாலும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வேட்டையை நானே செய்தேன். எல்லா இடத்துக்கும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில், சொல்லாமல் போனேன். காலையில் போனால் பூ வைத்து, பவுடர் போட்டு, பாட்டு போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஆறு மணிக்குத்தான் உண்மை தெரியும். ஒரு இடத்தில் உள்ளே விடவே இல்லை. இன்னொரு இடத்தில் ஒரு பாட்டியை நாற்காலியோடு சேர்த்து துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள், விழுந்துவிடுவாராம். வேறொரு இடத்தில் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு! எதைக் கொடுத்து என்று கேட்டேன், பதில் வரவில்லை. பதற்றத்தை அடக்கத் தரும் குவெட்டியாபின் போன்ற மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005லேயே எச்சரிக்கை போட வைத்தது. டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வரவேண்டாம். அந்த மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை, என் அப்பாவும் சிறிது காலம் சாப்பிட்டார். யார் எழுதினார்கள், என்ன அளவு, எப்போது குறைப்பார்கள் என்று குடும்பத்துக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் எடுத்த இடம் பார்க்கச் சுமார்தான். பழைய வீடு, பெயிண்ட் உரிந்த காம்பவுண்டு. நான் போன நேரத்தில் ஒரு அம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு "பொள்ளாச்சி போவணும், பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பா" என்று வாசலில் நின்றார். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண், "பஸ்சு இன்னும் வரலைங்கம்மா, டீ குடிச்சுட்டே பாக்கலாம் வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள். உங்கள் பொண்ணுக்கு ஐம்பது வயசு என்று திருத்தவில்லை, அதட்டவில்லை. அந்தப் பெண் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். இடம் திறந்ததிலிருந்து என்றார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன். அண்ணன் வீடியோவில் பார்த்து, "என்ன இது, லாபியே இல்லையே?" என்றான்.

சரி, பணத்துக்கு வருவோம். மாதம் 45,000 ரூபாய் கட்டினோம். டயப்பர், மருந்து, டாக்டர் விசிட் எல்லாம் தனி. வாயைப் பிளக்க வேண்டாம், வீட்டில் பகலுக்கு ஒரு ஆள், இரவுக்கு ஒரு ஆள் ஏஜென்சி மூலம் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். ஆள் லீவு போட்டால் நீங்களும் லீவு. நீங்கள் பேரம் பேசும்போது மாதக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதைவிட, நோய் முற்றினால் கட்டணம் எப்படி ஏறும் என்று கேளுங்கள். டெபாசிட் எத்தனை நாளில், எவ்வளவு கழித்துக்கொண்டு திரும்பும் என்றும் கேளுங்கள். முதல் இடத்தில் டெபாசிட் வாங்க நான் பட்டபாட்டை எழுதினால் அது தனிப் பதிலாகிவிடும்.

இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஆள், அவர்களில் நர்ஸ் உண்டா என்பது ஏன் முக்கியம் என்றால், ஒரு முறை அப்பா ஒரே நாளில் மொத்தமாக மாறிவிட்டார். ஆளைத் தெரியவில்லை, உளறல், இல்லாத ஒருவரோடு பேச்சு. நோய் முற்றிவிட்டது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். நைட் டியூட்டி சிஸ்டர்தான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்தாருங்க்கா, யூரின் டெஸ்ட் எடுத்துறலாம்" என்றார். சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சில நாளில் பழையபடி ஆனார். டிமென்ஷியாவில் ஆள் பெரும்பாலும் படிப்படியாகத்தான் மோசமாவார், திடீரென்று நிலைமை கெட்டால் வேறு காரணம் தேட வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் அங்கே இருந்ததால் பிழைத்தோம்.

வேலையாட்கள் பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வருகிறார்கள். தமிழ் தெரியாதே என்று நானும் யோசித்தேன். பகலில் பரவாயில்லை, ராத்திரி பயந்து எழுந்தவரிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும். ஷிப்டுக்கு ஒருவராவது தமிழ் பேசுகிறாரா என்று பாருங்கள். அதற்காக மற்றவர்களை மட்டமாக நினைக்க வேண்டாம். அப்பாவுக்கு விழுங்குவதில் சிரமம் வந்தபோது, மசித்த சோற்றை நிமிர்த்தி உட்கார வைத்து, பொறுமையாக முக்கால் மணி நேரம் ஊட்டியது ராஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவசரப்பட்டு ஊட்டினால் புரை ஏறி நிமோனியா வரும். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இனி சொந்தக்காரர்கள். "ஏங்கண்ணு, அப்பனெ ஹாஸ்டல்ல உட்டுட்டியாமா?" என்று கல்யாண மண்டபத்தில், பந்தியில் வைத்துக் கேட்டார் என் சித்தி. அந்தக் காலத்தில் எங்கள் பாட்டியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம் என்பார்கள். பார்த்தது யார்? என் அம்மா. சம்பளம் இல்லாமல், தூக்கம் இல்லாமல். அதே அம்மாவை அப்பா ஒரு ராத்திரி தள்ளிவிட, தோள்பட்டை இறங்கிக் கிடந்தார். அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்பாவை அங்கே விட்டேன் என்று சொன்னால் சித்திக்குப் புரியவில்லை, உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இன்னொருவர் 2007 முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று மிரட்டினார். அந்தச் சட்டம் தண்டிப்பது, முழுவதுமாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டு வருபவர்களை. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டி, வாராவாரம் போய்ப் பார்ப்பவர்களை அல்ல. பின்னூட்டத்தில் யாரும் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? அப்பாவின் கைரேகை மெஷினில் விழவில்லை. ஆளை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றது வங்கி. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே போய் உயிர்வாழ் சான்று வாங்கும் வசதி செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, மேனேஜரிடம் காட்டினேன். "எங்க பிராஞ்சுல ஆள் இல்லைங்க" என்றார். காரில் ஏற்றிக் கூட்டிப்போனோம். அப்பா நேராக கவுண்டருக்குள் நுழைந்து கேஷியரிடம் அன்றைய கணக்கைக் கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்பது வருஷம் அரசாங்கக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதிய மனுஷன். அடுத்த வருஷம் தபால்காரரே ஹோமுக்கு வந்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, போனில் முகத்தைப் படம் பிடித்து வேலையை முடித்துவிட்டார். இந்த வசதி இருப்பதை வங்கியில் ஒருத்தரும் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா இன்னும் சமைக்கிறார், தனியாகக் கோயிலுக்குப் போய்வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றைக்கே ஹோம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம், நான் டாக்டர் இல்லை. பி12, தைராய்டு பார்த்தாகிவிட்டதா? அவை குறைந்தாலும் மறதி வரும், சரிசெய்யக்கூடிய மறதி. அம்மாவால் யோசித்துக் கையெழுத்துப் போட முடிகிற இப்போதே வங்கிக் கணக்கில் உங்கள் பெயரைச் சேர்த்து, இருவரில் யாரும் இயக்கலாம் என்று மாற்றிவிடுங்கள். உயில் எழுதுவதானாலும் இப்போதுதான். பவர் ஆஃப் அட்டர்னியை நம்பி இருக்காதீர்கள், எழுதிக் கொடுத்தவருக்கு சித்தம் கலங்கிவிட்டால் அது செல்லாது. 70 தாண்டியதால் வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு கார்டு கிடைக்கும், வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அது ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கு மட்டும், ஹோம் கட்டணத்துக்கு உதவாது. பேச ஆள் வேண்டுமென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியா குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

பகல் நேரப் பராமரிப்பு மையம் பக்கத்தில் இருந்தால் முதலில் வாரம் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பின்னால் இடம் மாற்றவேண்டி வந்தாலும் அம்மாவுக்கு அந்தச் சூழல் பழகியிருக்கும். இதற்கிடையே ஹோம்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தேடினால் கிடைத்ததை எடுக்க வேண்டியதாகிவிடும். அம்மா தனியாகச் சமைக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லையென்றால் கேஸுக்குப் பதிலாக இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் கொடுங்கள். முதலில் திட்டுவார், பழகிவிடும்.